எட்டெழுத்துச் சிவகிரி

எங்கள் ஆபீசுக்கு இன்டர்நெட் கனெக்ஷன் கேட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது ஸ்பீடு எவ்வளவு, மாதம் எவ்வளவு என்பதைத்தான். அந்த அக்கா வந்த அன்று இரண்டையும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "லைனை நீங்க எப்பல்லாம் நிறுத்துவீங்க?" என்றார்.

"நிறுத்தவே மாட்டோம்க்கா. இருவத்துநாலு மணி நேரமும் ஓடும்."

"அப்படி ஒண்ணு உலகத்துலயே கெடையாது தம்பி. எதையும் ஒருநாள் நிறுத்தித்தான் ஆகணும். நிறுத்துததுக்கு முன்னால சொல்லுவீங்களா? அதைத்தான் கேக்கேன்."

சொல்லுவோம் என்றேன். வியாபாரத்தில் வாய்க்கு வருகிற பதில்தான். அவர் அதை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். என் போன் நம்பர், அதற்குக் கீழே 'முன்னால் சொல்வார்' என்று இரண்டு சொல்.

சங்கரன்கோவிலில் வடக்கு ரதவீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அவர் வீடு. அப்பா தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ரிட்டையர் ஆகி இறந்தவர். அவர் பார்த்த உத்தியோகத்தை வைத்து, இன்றைக்கும் சந்துக்குள் அதை ஆர்.ஐ. வீடு என்றுதான் சொல்வார்கள். மகள் இருபது வருஷம் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, அம்மா படுக்கையில் விழுந்ததும் ஊருக்கு வந்தார். அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு திரும்பிப் போகவில்லை. வேலையை வீட்டிலிருந்தே பார்க்கக் கம்பெனி சம்மதித்திருந்தது. கல்யாணம் ஆகி முறிந்தது என்றும், ஆகவே இல்லை என்றும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். நான் கேட்டதில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர், தலையில் ஒரு பக்கம் மட்டும் நரை. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் முன்னால் சொன்னீர்களா என்று கேட்பார்.

கனெக்ஷன் கொடுக்கப் போனபோது பெரிய மிஷின் எதையோ எதிர்பார்த்துத்தான் போனேன். வெளிநாட்டுக் கம்ப்யூட்டரை வீட்டுக்குள்ளேயே வைத்து ஓட்டுகிறார் என்று சந்தில் பேச்சு. முன்னறையில் ஒரு மர மேஜையும் பழைய லேப்டாப்பும் செம்பில் தண்ணீரும் இருந்தன. அவ்வளவுதான்.

"மிஷின் எங்கக்கா?"

"மிஷின் ஐரோப்பால இருக்கு. நான் இங்கன இருக்கேன்."

அங்கே ஒரு நாட்டில் ஒரு மருந்துக் கம்பெனி. அந்த நாட்டிலுள்ள மருந்துக் கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் சரக்கு அனுப்புவது அவர்கள் தொழில். எந்த ஊருக்கு என்ன மருந்து, எந்த லாரியில் என்று முடிவு செய்கிற வேலை முழுக்க மெயின்பிரேம் என்கிற பீரோ அளவுப் பெரிய கம்ப்யூட்டரில் ஓடியது. பாலிடெக்னிக்கில் படிக்கும்போது புத்தகத்தில் மெயின்பிரேமுக்கு ஒரு பக்கம் கொடுத்திருந்தார்கள், கம்ப்யூட்டரின் வரலாறு என்ற தலைப்பில். அது செத்துப் போய்விட்டது என்றே நினைத்திருந்தேன். சொன்னேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க. இன்னைக்கும் புதுசு புதுசா செஞ்சு விக்கான் தம்பி. பேருதான் பழசு. உள்ள ஓடுதது லினக்ஸ்ங்க சாப்ட்வேரு." நான் சுவரில் பொருத்திக்கொண்டிருந்த மோடத்தைக் காட்டினார். "உங்க இந்த டப்பாக்குள்ளயும் அதான் ஓடுது. இதுல ஒண்ணு. அங்க ஒரே மிஷினுக்குள்ள முந்நூறு. ஒவ்வொரு லினக்சும் தனக்குன்னு தனிக் கம்ப்யூட்டர் இருக்கதா நெனச்சுக்கிட்டு ஓடும். பக்கத்துல இன்னொண்ணு இருக்கதே அதுக்குத் தெரியாது."

"பாவம்" என்றேன் விளையாட்டாக.

"பாவம்லாம் இல்ல. அப்படி இருந்தாத்தான் ஒண்ணு விழுந்தா பக்கத்துல உள்ளது விழாது." சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "ஆனா எல்லாம் இருக்குன்னு தெரிஞ்ச ஆள் ஒண்ணாவது இருக்கணும். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

அந்த முந்நூறுக்கும் பெயர் வைக்கவேண்டியிருந்தது. பெயர் ஆங்கிலத்தில் எட்டெழுத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அந்த மிஷினின் சட்டம். வெள்ளைக்காரர்கள் ஒன்று இரண்டு என்று நம்பர் போட்டு வைத்திருந்தார்களாம். நம்பர் வைத்தால் யாரோ ஒருவன் தூக்கக் கலக்கத்தில் நாற்பத்தேழுக்குப் பதிலாக எழுபத்துநாலை நிறுத்திவிடுவான் என்று இவர் சண்டை போட்டு, நம் பக்கத்து ஊர்ப் பெயர்களாக மாற்றிவிட்டார். சிவகிரி எண்ணிவைத்தாற்போல எட்டெழுத்தில் உட்கார்ந்துவிட்டது. திருவேங்கடம் அடங்கவில்லை, 'திருவேங்' ஆனது. கடையநல்லூர் 'கடையன' என்று நின்றது. புளியங்குடி 'புளியங்'. ஒருநாள் மோடம் மாற்றப் போயிருந்தபோது ஸ்பீக்கரில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் கவலையோடு, இன்று காலையிலிருந்து புலியாங் மிகவும் மெதுவாகப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவும் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுகையால் டைப் அடித்தார்.

"நம்ம ஊர் பேரு எதுக்குக்கா வைக்கலை?"

"நான் இருக்க ஊரு கீழ விழுந்துட்டுன்னு எவனாவது போன் போட்டுச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

அவர் வேலையில் பாதி, எதையாவது நிறுத்துவது. ஒட்டுப்போட, புதுப்பிக்க, இடம் மாற்ற, எதற்கும் ஒரு லினக்ஸை நிறுத்தித்தான் மறுபடி கிளப்பவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து பதினொன்று வரை அந்த நேரம். அங்கே அப்போது பின்னிரவிலிருந்து விடிகிற வரைக்குமான நேரம். நிறுத்துவதற்கு முன் அவர் தவறாமல் செய்கிற ஒன்று உண்டு. கறுப்புத் திரையில் 'ஹூ', அதாவது யார், என்று ஆங்கிலத்தில் அடிப்பார். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் வரும். ஒரு பெயராவது இருந்தால் கை அதற்குமேல் போகாது. இன்னும் பத்து நிமிஷத்தில் இதை நிறுத்தப் போகிறேன், உங்கள் வேலையைச் சேமித்துக்கொள்ளுங்கள் என்று சேதி அனுப்புவார். காத்திருப்பார். ஆள் வெளியே போகாவிட்டால் போன் போடுவார். அதிகாலையில் அந்த நாட்டில் யாரோ ஒருவரை எழுப்பி, நீங்கள் உள்ளேயே இருந்துவிட்டீர்கள், வெளியே வந்துவிடுகிறீர்களா என்று கேட்பார். சும்மா மறந்துபோய் விட்டுவிட்டேன், நிறுத்திக்கொள் என்று அவர் தூக்கத்தில் சொன்ன பிறகுதான் இவருக்கு நிம்மதி. இதற்காக அவர் மேல் புகார்கூட வந்ததாம், நேரத்தை வீணடிக்கிறார் என்று.

வேலையோடு அது நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

வீட்டு மாடியில் ஒரு பாங்க் குமாஸ்தா குடும்பம் குடியிருந்தது. கீழே மோட்டாரை நிறுத்துவதற்கு முன் அக்கா படிக்கட்டுப் பக்கம் வந்து, "மாடியில யாரும் குளிக்கீங்களா? மோட்டாரை அமத்துதேன்!" என்று குரல் கொடுப்பார். பதில் வந்த பிறகுதான் சுவிட்சில் கை வைப்பார். அந்தக் குடும்பம் மாற்றலாகிப் போய் நாலு மாதம் கழித்து ஒரு பகல் நேரம் கேபிள் பார்க்கப் போயிருந்தேன். அக்கா படிக்கட்டுக்கு வந்தார். மேலே பார்த்து அதே குரலில், "மாடியில யாரும் குளிக்கீங்களா?" என்றார். காது கொடுத்து நின்றார். பிறகு போய் நிறுத்தினார்.

"மாடி காலியாத்தானக்கா கெடக்கு?"

"தெரியும் தம்பி."

"பெறகு?"

"கேக்காம அமத்த கை வரமாட்டேங்கு" என்றார். கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது.

வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி, "ஒத்தையில கெடந்தா எல்லாருக்கும் அப்படித்தான் ஆகும். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு தூக்குவாளியில் சாம்பார் கொண்டுபோனாள். திரும்பி வந்து, "நல்லாத்தான் இருக்காக. ஆனா நான் கெளம்புதேன்னு சொன்னதும், போறதுக்கு முன்னால சொன்னதுக்கு ரொம்ப சந்தோசம்ங்காக. என்ன மனுசிங்க அவுக?" என்றாள்.

ஊரில் அவரிடம் பேச யாருக்கும் விஷயம் இல்லை, அவருக்கும் இல்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் நேரலைக்கு லைன் இழுத்துக்கொண்டிருந்தேன். பந்திக்குக் காத்திருந்த வரிசையில் அக்கா நின்றார். சொந்தக்காரர் ஒருவர், வெள்ளை வேட்டி, பெரிய மனுஷர், "நீ என்ன வேலைதான் பாக்க தாயி?" என்று கேட்டார். அக்கா உண்மையாகவே விளக்கத் தொடங்கினார். பெரிய மிஷின், அதற்குள் முந்நூறு லினக்ஸ், ஒன்றுக்கொன்று தெரியாது. பெரியவர் பாதியிலேயே தலையை ஆட்டினார். "சரிதான். அப்ப நம்ம பேத்தி லேப்டாப்பு ஆன் ஆக மாட்டேங்கு. நாளைக்குக் குடுத்துவிடுதேன், பாத்துக் குடு." அக்கா, "சரி சித்தப்பா" என்றார். மறுநாள் அந்த லேப்டாப் வந்தது, சரிசெய்தும் கொடுத்தார். தன் வேலையைப் பற்றி அந்த ஊரில் அவர் மறுபடி யாருக்கும் விளக்கி நான் பார்க்கவில்லை.

என் தப்பு நடந்தது ஆடித்தபசுத் தேரோட்டத்தில்.

தேர் வருவதற்கு முன் ரதவீதிகளில் குறுக்கே போகிற வயர்களை எல்லாம் அவிழ்த்து ஓரமாகச் சுருட்டிவிடவேண்டும். கரன்ட்டையும் நிறுத்துவார்கள். முந்தின நாளே எங்கள் வாடிக்கையாளர்களுக்கு எல்லாம் சேதி அனுப்பிவிடுவோம். அந்த வருஷம் தேர் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஒரு மாதத்துக்கு முன்புதான் அக்காவின் லைனை வேறு கம்பத்துக்கு மாற்றியிருந்தேன். பட்டியலில் ஏற்றவில்லை. மறந்துவிட்டேன். காலை எட்டு மணிக்கு ஏணியில் நின்று மற்ற வயர்களோடு அதையும் கழற்றினேன். கழற்றும்போதுகூட இது யார் வீட்டுக்குப் போகிறது என்று யோசிக்கவில்லை.

மேளச் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. பத்து மணிக்கு எடுத்துப் பார்த்தால் அக்காவிடமிருந்து பதினான்கு அழைப்புகள்.

என்ன நடந்தது என்பதை அன்று அவரை ஏற்றிப்போன ஆட்டோக்காரரும் பிறகு அக்காவும் சொல்லித்தான் அறிந்தேன். லைன் போனபோது அக்கா சிவகிரியை மிஷினுக்குள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். பாதியில் நிற்கிறது. போனில் நெட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஊர் முழுக்க ஜனம், சிக்னல் நகரவில்லை. லேப்டாப்பை மூடினால் தூங்கிவிடும் என்று திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். தேர்க்கூட்டத்துக்குள் அதைத் தாம்பாளம் மாதிரி தூக்கிக்கொண்டு போன பெண்ணை ஜனங்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து வழிவிட்டார்களாம். ஒரு பாட்டி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதாகவும் ஆட்டோக்காரர் சொன்னார். அது அவர் சேர்த்ததாக இருக்கலாம். கூட்டத்தைத் தாண்டி ஆட்டோ பிடித்து, ராஜபாளையம் ரோட்டில் போய்க்கொண்டே இருந்து, சிக்னல் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, ஒரு பஞ்சர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து வேலையை முடித்திருக்கிறார். முடித்தபோது பேட்டரியில் நாலு சதவீதம் இருந்ததாம்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போய் நின்றேன். திட்டுவார், கனெக்ஷனை வேறு ஆளிடம் மாற்றிக்கொள்வார் என்று தயாராகத்தான் போனேன். பக்கத்து வீடுகளில் விசைத்தறிகள் ஓடத் தொடங்கியிருந்தன. அக்கா கதவைத் திறந்து, "உக்காருங்க தம்பி" என்றார்.

"மறந்துட்டேன்க்கா. பெரிய தப்பு."

"வயரைக் கழத்துதப்ப, இதுக்கு அந்தப் பக்கம் யாரு இருக்கான்னு தோணலையா?"

"தோணலைக்கா."

"ம்." மோடத்தைத் திரும்பிப் பார்த்தார். "சிவகிரி பாதியில நின்னிருந்தா இன்னைக்குக் காலைல அங்க மருந்து லாரி ஒண்ணும் கெளம்பியிருக்காது. அது கூடப் பரவால்ல, எப்படியாச்சும் சரிபண்ணிருப்பாங்க. எனக்கு வேற ஞாபகம் வந்துட்டு. அதான் நேத்து அப்படி தெருவுல எறங்கி ஓடிட்டேன்."

பிறகு அவராகவே சொன்னார். நான் கேட்கவில்லை. அம்மாவைக் கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பதினோரு நாள் மிஷினில்தான் மூச்சு. இனிமேல் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து அண்ணன் வந்திருந்தார். அக்கா கீழே மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் அண்ணன் சரி என்று கையெழுத்துப் போட்டார். இவர் மேலே வந்தபோது மிஷின் நின்றிருந்தது.

"டாக்டர் சொன்னது சரிதான். அண்ணன் செஞ்சதும் சரிதான். நான் இருந்திருந்தா நானும் சரின்னுதான் சொல்லிருப்பேன். ஆனா ஒரு பத்து நிமிசம். நான் மேல வார வரைக்கும். அம்மா காதுல ஒரு வார்த்தை சொல்லிருப்பேன். அவ்வளவுதான் தம்பி." அண்ணனோடு அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அண்ணன் போன் போடுவார், இவர் எடுக்கமாட்டார். சண்டை என்று எதுவும் இல்லை. "என்ன பேசன்னு தெரியல" என்றார்.

லைனை மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து எங்கள் ஆபீசில் ஏணி ஏறுகிற எவனும் கழற்றுவதற்கு முன் வாய்விட்டு வீட்டுப் பெயரைச் சொல்லவேண்டும் என்று வைத்தேன். பையன்கள் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

இரண்டு வருஷம் கழித்து அந்த மருந்துக் கம்பெனி மெயின்பிரேமையே மூடுவது என்று முடிவெடுத்தது. எல்லாவற்றையும் வேறு இடத்தில் வாடகைக் கம்ப்யூட்டர்களுக்கு மாற்றப் போகிறார்கள். மூடுகிற வேலையை அக்காவிடமே கொடுத்தார்கள். ஒவ்வொரு லினக்ஸாகக் காலி செய்து, உள்ளிருப்பதைப் புது இடத்துக்கு அனுப்பி, சரிபார்த்து, நிறுத்தவேண்டும். மறுபடி கிளப்புகிற பேச்சு இல்லை. ஒரு வருஷ வேலை.

அந்த வருஷம் எப்போது பார்த்தாலும் அவர் சொல்வது ஊர்ப் பெயராகத்தான் இருக்கும். "கடையன போன வாரம் போயிட்டு." "நேத்து திருவேங்." பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் எதிர்ப்பட்டபோது, "தம்பி, புளியங் முடிஞ்சுது" என்றார். பக்கத்தில் நின்ற புளியங்குடிக்காரர் ஒருவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வேலை முடிந்த மூன்றாவது மாதம் அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். அண்ணன் கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். இவர்தான் முதலில் போன் செய்தாராம். நான் போனபோது அண்ணனும் தங்கையும் முன்னறையில் ஆளுக்கொரு அட்டைப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சு அதிகமில்லை, ஆனால் அண்ணன் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, "இதை வைக்கட்டுமா, விடட்டுமா?" என்று தங்கையைக் கேட்டுக்கேட்டு வைத்தார். கோயம்புத்தூரில் இப்போது வேறு கம்பெனியில் வேலை பார்க்கிறார். சந்து வீட்டில் ஒரு டியூஷன் சென்டர் நடக்கிறது. அங்கேயும் என் லைன்தான்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு வருவது அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை.

சனிக்கிழமை போன் செய்திருந்தார். "நாளைக்கு சிவகிரி மட்டும்தான் பாக்கி. அதை நிறுத்தினா மிஷினையே அமத்திருவாங்க. நாளைக்கு மட்டும் லைன் போயிரக் கூடாது. கொஞ்சம் வந்து கூட இருக்கீங்களா?" அதுவரை அவர் யாரையும் கூட இருக்கச் சொல்லிக் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு மாற்று மோடமும் கருவிப்பையும் எடுத்துக்கொண்டு காலை ஆறரைக்கே போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமையில் தறி ஓடாது. சந்து அமைதியாகக் கிடந்தது. அக்கா நல்ல சேலை கட்டியிருந்தார். எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

ஏழு மணிக்கு உட்கார்ந்தார். சரிபார்க்கவேண்டியதை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து நோட்டில் டிக் போட்டார். ஒன்றரை மணி நேரம் ஆனது. கடைசியாக 'ஹூ' என்று அடித்தார். காலியாக இருக்கவேண்டும். எல்லோருக்கும் ஒரு மாதத்துக்கு முன்பே அறிவித்தாயிற்று.

திரையில் இரண்டு பெயர் வந்தது. ஒன்று அக்கா. இன்னொன்று ஆள் யாரென்று காட்டாத ஒரு பொதுப் பெயர்.

"உள்ள ஒரு ஆள் இருக்காரு" என்றார்.

சேதி அனுப்பினார். பத்து நிமிஷத்தில் நிறுத்தப் போகிறேன், யார் என்று தெரிந்துகொள்ளலாமா? கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு திரையில் எழுத்து ஒவ்வொன்றாக வந்தது. எனக்கு ஆங்கிலம் அந்த அளவுக்குத் தெரியும். நான்தான், மிஷின் அறையில் இருக்கிறேன், நீ முடித்ததும் பவரை அணைப்பதற்காக வந்திருக்கிறேன், சும்மாதான் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார் அந்த ஆள். மிஷின் இருக்கிற கட்டிடத்தில் காவல் வேலை மாதிரி ஆபரேட்டர் வேலை பார்க்கிறவர். அக்காவுக்கு அவர் பெயர் தெரியும். பேசியதில்லை. அடுத்த வரி வந்தது. பதினோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் பெயரைத் திரையில் பார்க்கிறேன். இன்று கடைசி என்பதால் நானும் உள்ளே இருக்கலாம் என்று நினைத்தேன்.

அக்கா அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு அடித்தார்: நான் அந்த மிஷினைப் பார்த்ததே இல்லை.

ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அக்காவின் போன் அடித்தது, வெளிநாட்டு நம்பர். ஸ்பீக்கரில் போட்டார். வயதான குரல். காலை வணக்கம் என்றது. பார்க்க வைக்க முடியாது, இங்கே படம் எடுக்க அனுமதி இல்லை. ஆனால் கேட்கலாம் என்றது. அவர் எழுந்து நடக்கிற சத்தம், ஒரு கதவுச் சத்தம். அடுத்தாற்போல முன்னறை முழுக்க ஒரு இரைச்சல் நிறைந்தது. தூரத்தில் மழை இறங்கி வருவது போல, ஏற்றமும் இறக்கமும் இல்லாத இரைச்சல். நூற்றுக்கணக்கான ஊர்களைப் பதினோரு வருஷம் குளிரவைத்துக்கொண்டிருந்த விசிறிகள். அக்கா போனை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு கேட்டார்.

"நீங்க மொதல்ல வெளிய வந்திருங்க" என்று பிறகு ஆங்கிலத்தில் அந்த ஆளிடம் சொன்னார். அவர் சரி என்றார். அக்கா மறுபடி 'ஹூ' அடித்தார். ஒரே பெயர்.

"இப்ப உள்ள நான் மட்டும்தான் இருக்கேன் தம்பி" என்றார் என்னிடம். நிறுத்துகிற கட்டளையை அடித்தார். திரையில் வரிகள் மளமளவென்று ஓடி, நின்றன. சிவகிரி நின்றது.

அந்த ஆள், அணைக்கட்டுமா என்று கேட்டார்.

"அணைங்க. கேட்டதுக்கு நன்றி" என்றார் அக்கா.

இரைச்சல் ஒரே அடியாக நிற்கவில்லை. மெல்ல மெல்ல இறங்கி, விசில் மாதிரி ஆகி, ஒன்றுமில்லாமல் ஆனது. அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. ரிட்டையர் ஆகப் போகிறேன், ஒரு நாய் வளர்க்கலாம் என்றிருக்கிறேன் என்றார். நல்லது என்றார் அக்கா. இருவரும் நல்லபடியாக விடைபெற்றுக்கொண்டார்கள்.

நான் பையை எடுத்தேன். "அப்ப வாரேன்க்கா."

"இருங்க, நானும் வாரேன். இங்கன காலைல டிபன் எங்க நல்லாருக்கும்? ஞாயித்துக்கிழமை காலைல நான் வெளிய வந்ததே கெடையாது."

ஸ்டேஷன் ரோட்டில் ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனேன். புருஷனும் பெண்டாட்டியும் நடத்துகிற கடை. ஒரே கூட்டம். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா போனை இலைக்குப் பக்கத்தில் திரை மேலே தெரிய வைத்தார். இட்லி வந்தது. ஒரு வாய் வைப்பார், போனைப் பார்ப்பார். எந்த ஊர் விழுந்தது என்று சொல்ல இனி ஆள் இல்லை, அது சும்மா கிடந்தது. இரண்டாவது இட்லியைப் பிய்க்கும்போது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கிவிட்டது. சத்தமே இல்லை. கை மட்டும் சட்னியில் அப்படியே நின்றது. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரிமாறிக்கொண்டு வந்த அந்த அம்மா நின்றார். அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன தாயி, சட்னி காரமாயிட்டோ?"

"ஆமாம்மா" என்றார் அக்கா. "கொஞ்சம் காரம்."

அந்த அம்மா உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் சீனி கொண்டுவந்து வைத்தார். உடனே போகவில்லை. சாம்பார் வாளியைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, பின்னால் இருந்த பெஞ்சுக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டிருக்க, அக்கா இரண்டாவது இட்லியைச் சீனியில் தொட்டு முழுசாகச் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றார்.